ரொட்டியும் பீரங்கியும்

ஒரு நாட்டின் கடற்படை வலியது என்று சொல்லும்போது, கப்பல் எத்தனை, பீரங்கி எத்தனை என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கப்பலின் அடித்தட்டில் கரி அள்ளிப் போடுகிறவன் என்ன தின்கிறான், என்ன கூலி பெறுகிறான், அவன் மகன் என்றைக்காவது அதிகாரியாக முடியுமா என்று கேட்பவர் மிகச் சிலர். கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்கிறோம் நாம். ஆளில்லாத கப்பல் வெறும் இரும்பு. மனம் கசந்த ஆட்களைக் கொண்ட கப்பலோ அதனினும் கேடு.

இந்த உண்மையைக் கண்டுகொண்டு, பிரிட்டிஷ் கடற்படை என்ற பழமைக் கோட்டைக்குள் நின்றே போராடிய ஒருவரின் வாழ்க்கையைத் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. அவர் நம்மை அடக்கியாண்ட பேரரசின் தளபதி. அந்தப் பேரரசின் காவலர். அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் மாற்றான் பாசறையிலும் பாடம் உண்டு. அவர் பெயர் ஜான் பிஷர்.

பிஷர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. இலங்கையில், மலைநாட்டு இறம்பொடையில். ஆண்டு 1841. தந்தை பட்டாளத்தை விட்டுக் காப்பித் தோட்டம் வைத்தவர். நம் உழைப்பாளிகள் கடல் கடந்து சென்று அந்த மலைகளில் வியர்வை சிந்தத் தொடங்கியிருந்த காலம் அது. தோட்டம் செழிக்கவில்லை, பிள்ளைகளோ பதினொருவர். மூத்தவரான பிஷர் ஆறு வயதில் லண்டனிலிருந்த தாய்வழிப் பாட்டனாரிடம் அனுப்பப்பட்டார். பெற்ற தந்தையை அதன்பின் அவர் காணவே இல்லை.

1854-இல், பதின்மூன்று வயதில், கடற்படையில் சேர்ந்தார். எப்படி? நெல்சன் காலத்து முதிய தளபதி ஒருவரின் பரிந்துரையால். அன்று அதிகாரியாவதற்குத் தேவை அறிவு அல்ல, ஆள் பிடிப்பு. தேர்வு என்று ஒன்று நடந்தது. கொஞ்சம் கணக்கு, ஒரு ஜெபத்தைப் பிழையின்றி எழுதுதல், ஒரு நாற்காலியைத் தாண்டிக் குதித்தல் - இவ்வளவுதான் என்று பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. பரிந்துரையால் உள்ளே வந்த அந்தச் சிறுவன்தான், பரிந்துரை ஆட்சியின் வேரிலே பின்னாளில் கைவைத்தான்.

பாய்மரக் கப்பல் மறைந்து, நீராவிக் கப்பல் எழுந்த காலம் அது. ஆனால் பெருங்குடிப் பிறந்த அதிகாரிகளுக்குப் பாயின் மேல் இருந்த மோகம் தீரவில்லை. பிஷரோ பீரங்கியைக் கற்றார், டார்பிடோவைக் கற்றார், பிறருக்கும் கற்பித்தார். 1899-இல் மத்தியதரைக் கடல் படைக்குத் தலைவரானார். பன்னிரண்டு நாட் வேகத்தில் ஓடி, அதற்குள்ளேயே பழுதாகி நின்ற படை, பதினைந்து நாட் வேகத்தில் பழுதின்றி ஓடும் படையாயிற்று. இதை ஒப்புக்கொண்டு எழுதியவர் யார் தெரியுமா? பின்னாளில் அவருக்குப் பெரும் பகைவராக மாறிய பெரஸ்போர்டு பிரபுவே! புதிய கப்பல்கள் வந்ததால் நேர்ந்த மாற்றமா இது? இல்லை. இளம் அதிகாரிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். கட்டுரை எழுதச் சொல்லிப் பரிசளித்தார். ஓயாமல் பயிற்சி தந்தார். ஆட்கள் மாறினார்கள், படை மாறியது.

கப்பலில் மேல்தட்டு, அடித்தட்டு என்பவை வெறும் இடப்பெயர் அல்ல, தோழர்களே. அது ஒரு சாதி. மேலே நின்று ஆணையிடுபவன் உயர்ந்தவன். கீழே இயந்திரத்தை ஓட்டும் என்ஜினீயர் எண்ணெய்க் கறை படிந்தவன், தாழ்ந்தவன். அவன் கை நின்றால் கப்பல் நின்றுவிடும். ஆனால் கப்பலுக்குத் தலைவனாகும் உரிமை அவனுக்கு இல்லை! 1902-இல், கடற்படை அமைச்சராக இருந்த செல்போர்ன் பிரபுவின் பெயரால் பிஷர் ஒரு திட்டம் கொணர்ந்தார். கப்பல் ஓட்டுபவன், இயந்திரம் இயக்குபவன் என்று பிரிக்காமல், எல்லாச் சிறுவரையும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒன்றாகச் சேர்த்து, ஒரே கல்வி தருவது என்பதே திட்டம். 1903-இல் ஆஸ்போர்ன் என்ற இடத்தில் கல்லூரி திறந்தார்கள். பெருங்குடியினர் கொதித்தெழுந்தனர். எண்ணெய்க்காரனோடு எங்கள் பிள்ளைகள் ஒரே பெஞ்சியிலா என்று குமுறினர்.

ஆனால் ஒரு பூட்டு மட்டும் திறக்கவில்லை. அந்தக் கல்லூரிக்கு ஆண்டுக் கட்டணம் 75 பவுன். எந்தத் தொழிலாளி கட்டுவான்? பிஷர் அதையும் எதிர்த்தார். கட்டணத்தை ஒழித்து, அரசே படிக்கவைக்க வேண்டும். செல்வர் வீட்டில் மட்டும் தளபதியைத் தேடுவது மடமை என்று 1906-இல் எழுதினார். அதில் அவர் வெல்லவில்லை.

1904-இல் கடற்படையின் சீருடைத் தலைவர் பதவிக்கு வந்தார். வந்ததும் செய்தது என்ன? உலகெங்கும் சிதறிக் கிடந்த, போரிட வலுவற்ற, ஓடித் தப்பவும் வேகமற்ற பழங்கப்பல்களில் 90-ஐ விற்கச் சொன்னார், 64-ஐ ஒதுக்கிவைத்தார். கப்பலைக் குறைத்தால் படை குறையாதா என்றார்கள். படை பெருகியது! அந்தப் பழங்கப்பல்களில் முடங்கிக் கிடந்த மாலுமிகளை எடுத்து, ஆளின்றித் துறைமுகத்தில் நின்ற நல்ல கப்பல்களில் ஏற்றினார். முழு எண்ணிக்கையில் ஐந்தில் இரண்டு பங்கு ஆட்கள், தேர்ந்த கைவினைஞர்கள் உட்பட, அக்கப்பல்களில் எப்போதும் இருந்தார்கள். போர் என்றால் மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு உடனே புறப்படலாம். ஆயத்தம் என்பதற்குப் பொருள் இதுதான்.

டிரெட்நாட் என்ற போர்க்கப்பலும் அவர் காலத்ததே. 1905 அக்டோபர் 2-இல் அடித்தளம் இட்டு, 1906 அக்டோபர் 3-இல் சோதனைக்குக் கடலில் இறக்கினார்கள். ஓராண்டும் ஒரு நாளும்! பத்துப் பெரும் பீரங்கிகள், நீராவி டர்பைன், 21 நாட் வேகம். அதற்கு முன் கட்டிய கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாயின. போர்ட்ஸ்மத் பட்டறைத் தொழிலாளரின் உழைப்பு அது. பெயர் மட்டும் பிஷருக்கு.

வரலாற்று நூல்கள் டிரெட்நாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். நாம் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறோம். தலைமுறை தலைமுறையாகக் கடற்படை மாலுமிக்குக் கடலில் கிடைத்தது கல் போன்ற பிஸ்கோத்து. கப்பலிலேயே அடுப்பு வைத்து நாள்தோறும் புது ரொட்டி சுட ஏற்பாடு செய்தவர் பிஷர். உண்பதற்குக் கத்தியும் முள்ளும் கொடுக்கச் செய்தார். சில்லறைக் குற்றத்துக்கெல்லாம் சிறையில் தள்ளும் வழக்கத்துக்கு மாற்றுத் தேடினார். முன்னாள் மாலுமி லயனல் யெக்ஸ்லி என்பவர் 1905-இல் அடித்தட்டு மாலுமிகளுக்காகவே ஓர் ஏடு தொடங்கி, குறைகளை வெளியிட்டு வந்தார். மற்ற அதிகாரிகள் அவரைக் கலகக்காரர் என்றனர். பிஷர் அந்த ஏட்டைப் படித்தார். அவரோடு கலந்து பேசினார். 1912-இல், சர்ச்சில் அமைச்சராக இருந்தபோது, அடித்தட்டு மாலுமி அதிகாரியாவதற்கு ஒரு வழி திறந்தது. மாலுமிகளின் கூலியும் சிறிது உயர்ந்தது. பதவியை விட்டு இறங்கிவிட்ட பிஷர் வெளியிலிருந்து தூண்டிய காரியங்கள் அவை.

இவ்வளவு செய்தவர் குற்றமற்றவரா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றுக்கருத்தைப் பொறுக்கும் பண்பு அவரிடம் இல்லை. தமக்கு வேண்டியவர்களை உயர்த்தினார், வேண்டாதவர்களை ஒதுக்கினார். மேலதிகாரிகளைப் பற்றி இளையவர்கள் தமக்குத் தனிக்கடிதம் எழுதுவதை ஏற்றார். படை இரு கட்சியாயிற்று: பிஷர் கட்சி, பெரஸ்போர்டு கட்சி. 1909-இல் அமைச்சர் குழு விசாரித்தது. போர்த்திட்டம் வகுக்க ஒரு குழுவை அமைக்கவிடாமல், எல்லாவற்றையும் தம் மூளைக்குள்ளேயே பூட்டிவைத்தார் என்பது வெளிப்பட்டது. 1910-இல் ஓய்வு பெற்றார்.

உலகப் போர் மூண்டதும், 73 வயதில், 1914-இல் மீண்டும் அழைக்கப்பட்டார். விரைவுக் கப்பல்கள் இரண்டைத் தென்கோடிக்கு அனுப்பி, டிசம்பரில் பாக்லாந்துத் தீவருகே ஜெர்மன் படையை முறியடித்தார். ஆனால் டார்டனெல்ஸ் போரில் சர்ச்சிலோடு மோதி, 1915 மே 15-இல், போர் நடுவிலேயே, பதவியை எறிந்துவிட்டு வெளியேறினார். தலைவன் செய்யத் தகாத செயல் அது. அடுத்த ஆண்டு ஜட்லாந்துப் போரில், வேகத்துக்காகக் கவசத்தை மெல்லியதாக்கி அவர் உருவாக்கிய கப்பல் வகையில் மூன்று வெடித்து மூழ்கின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். வெடிமருந்தைக் காக்கும் விதிகளைக் கைவிட்டதும் ஒரு காரணம். மெல்லிய கவசமும் ஒரு காரணம். 1920-இல் பிஷர் மறைந்தார்.

அவரோடு ரொட்டிப் பாடமும் மறைந்தது போலும்! 1931-இல் மாலுமியின் நாட்கூலியை நான்கு ஷில்லிங்கிலிருந்து மூன்றாகக் குறைக்க முனைந்தார்கள். இன்வர்கார்டனில் கப்பல்கள் நகர மறுத்தன. 1946 பிப்ரவரியில் பம்பாயில், அதே பேரரசின் இந்தியக் கடற்படை மாலுமிகள், கெட்ட சோற்றையும் இனவெறி வசவையும் பொறுக்காமல் எழுந்தனர். ஆள்சேர்ப்பின்போது கொடுத்த வாக்குறுதிகள் காற்றில் போனதும் அவர்களைச் சுட்டது. 78 கப்பல்களுக்குப் பரவியது அந்த நெருப்பு. பம்பாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து துணை நின்றனர், குண்டடிபட்டு மாண்டனர். சோற்றுத் தட்டில் தொடங்கிய கசப்பு, ஆட்சியையே உலுக்கியது!

இந்நூற்றாண்டிலும் அதே கேள்விதான். 2023-இல் அமெரிக்கக் கடற்படை தன் ஆள்சேர்ப்பு இலக்கை எட்டவில்லை. 2024-இல், ஓட்ட ஆளில்லாத காரணத்தால் துணைக்கப்பல்கள் பதினேழை ஒதுக்கிவைக்க முடிவு செய்தது. உலகின் பெருஞ்செல்வ நாட்டுக்கே இந்த நிலை! கோடி கொட்டினால் கப்பல் வரும். ஆள் அப்படி வருவதில்லை. வந்தவன் நிலைப்பதற்கு மதிப்பு வேண்டும், உயர வழி வேண்டும், நல்ல சோறு வேண்டும்.

பிஷர் வாழ்வு தரும் பாடம் இரண்டு. அடித்தட்டில் இருப்பவனுக்குக் கதவைத் திறக்கும் அமைப்பே ஆயத்தமாக நிற்கும் என்பது ஒன்று. கதவைத் திறந்தவனே ஆனாலும், தன் ஒருவன் சொல்லே சட்டம் என்று நின்றால், தான் கட்டியதைத் தானே பிளப்பான் என்பது மற்றொன்று. கடற்படைக்கு மட்டுமா இது பொருந்தும்? பட்டறைக்கும் சங்கத்துக்கும் பொருந்தும். தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.