கணக்கர் வேலையை விட்டு வந்த கூத்தாடி

செஞ்சிப் பக்கம் சேரியிலிருந்து வேடம் கட்டப் போகிறவரைக் 'கூத்தாடி' என்று ஏளனம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. சாதியையும் தொழிலையும் ஒருசேர இழிக்கும் ஏச்சு அது. நாடகக்காரர்களுக்கு விழுந்த அந்த ஏச்சைத் தானாகவே ஏற்றுக்கொண்டு வந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் தலித் அல்லர். ஆனாலும் இந்தப் பகுதியில் அவரைப் பற்றி எழுதக் காரணம் இதுதான்.

1867-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர், 24 வயதில் அதை உதறிவிட்டு மேடையேறினார். எமன், சனீஸ்வரன் வேடங்களில் பார்த்தவர்களை நடுங்க வைத்தார். பிறகு வாத்தியாரானார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' எல்லாம் அவர் எழுதியவை. 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறும் பாட்டும் அங்கேயே கிடைத்தன, கண்டிப்பும் கொஞ்சமல்ல.

இன்று நாடக நடிகர் சங்கங்கள் அவர் படத்துக்கு மாலை போடுகின்றன. மாலை போடும் கை, சேரிக் கலைஞருக்கும் முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும்.

பக்கவாதத்தில் விழுந்த பிறகும் அவர் குழுவை விட்டுப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் இறந்தார். சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாக பஸ்ஸில் போய்ப் பார்த்து வரலாம்.