பாலை விட்ட காந்தி ஆட்டுப்பாலுக்கு ஏன் மாறினார்?

காபிக்குப் பால் வேணுமா, வேண்டாமான்னு யோசிக்கிறவரா நீங்க? இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர் காந்தி.

சிறுவயதில் நண்பர் பேச்சைக் கேட்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஆட்டுக்கறி சாப்பிட்டவர் அவர். இறைச்சியைத் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் 1888-ல் லண்டன் போனார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய புத்தகம் கிடைத்தது. அதுவரை சத்தியத்துக்காகச் சைவம். அதன்பிறகு, தானே விரும்பி.

1912-ல், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது பாலையும் விட்டார். புலனடக்கம் ஒரு காரணம். பாலுக்காக மாடுகளுக்கு நடக்கும் கொடுமையைப் படித்தது இன்னொன்று. 'வீகன்' என்ற சொல்லே 1944-லதான் பிறந்தது.

1918-ல் கடும் வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. பால் இல்லாமல் உடம்பு தேறாது என்றார் டாக்டர். ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னார் கஸ்தூரிபா. விரதம் எடுத்தபோது காந்தியின் மனசுல இருந்தது பசுவும் எருமையும்தான். போராட உயிர் வேணுமே என்று ஒப்புக்கொண்டார்.

ஆனா, அதைச் சாமர்த்தியம்னு அவர் நினைக்கல. வார்த்தையைக் காப்பாற்றி, அதன் உயிரை விட்டுவிட்டதாகச் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். ஆட்டுப்பாலை அவரால் கடைசிவரை விட முடியல. அந்த உறுத்தலையும் மறைக்கல.

உங்க முடிவு எதுவானாலும், அதுல சறுக்கினா என்ன செய்றதுன்னு யோசிக்க இந்தக் கதை உதவும்.