டைட்டானியத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்த வில்லியம் க்ரோல் யார்?

டைட்டானியம் போன், டைட்டானியம் வாட்ச்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. அந்த உலோகத்தை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் வில்லியம் ஜஸ்டின் க்ரோல். உலோகவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயம்.

1889-ல் லக்சம்பர்கில் பிறந்தார். பெர்லினில் படித்துவிட்டு, 1920-களில் சொந்த நாட்டிலேயே தனியாக ஆய்வகம் தொடங்கினார்.

டைட்டானியத் தாது தாராளமாகவே கிடைக்கும். சிக்கல் வேறு. நன்றாகச் சூடேறினால் இந்த உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். அவை படிக அடுக்குகளுக்கு இடையே புகுந்து, நகரவிடாமல் பூட்டிவிடும். அப்புறம் தட்டினால் உடையும். க்ரோல் காற்றையே வெளியேற்றிவிட்டார். ஆர்கான் வாயு நிரப்பிய கலனில் டைட்டானியம் டெட்ராகுளோரைடை மெக்னீசியத்துடன் வினைபுரிய வைத்தார். ஸ்பாஞ்ச் மாதிரி டைட்டானியம் கிடைத்தது; உருக்கி எடுத்தால் வளைக்கலாம்.

1938-ல் மாதிரிகளோடு அமெரிக்கா போய்க் காட்டினார். நிறுவனங்கள் ஆர்வம் காட்டலை. 1940-ல், நாஜிப் படை லக்சம்பர்கில் நுழையும் முன், அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்தார். போர்க்காலத்தில் அந்த நாட்டு அரசு, அந்நியர் சொத்து என்று அவருடைய காப்புரிமையைக் கைப்பற்றியது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவருக்கு இந்த வரவேற்பு! இதுல வேடிக்கை, அதே அரசின் சுரங்கத் துறை அவரை வேலைக்கும் வைத்துக்கொண்டது. 1948-ல் டுபான்ட் நிறுவனம் டைட்டானியத்தை வணிகரீதியில் தயாரிக்கத் தொடங்கியது.

வளையும் உலோகம் தாராளமாகக் கிடைத்த பிறகு, அதில் எதைக் கலக்கலாம் என்ற வேலை சூடுபிடித்தது. 882 டிகிரி செல்சியஸுக்குக் கீழே டைட்டானியத்தின் அணுக்கள் அறுகோண அமைப்பில் இருக்கும். அதற்கு மேல் கனசதுர அமைப்புக்கு மாறும். அலுமினியம் முதல் அமைப்பை நிலைநிறுத்தும். வனேடியம், மாலிப்டினம் எல்லாம் இரண்டாவதை அறை வெப்பநிலையிலும் தங்க வைக்கும். 6% அலுமினியமும் 4% வனேடியமும் சேர்ந்த கலவையில் இரண்டு அமைப்புகளும் இருக்கும். விமானத்துறையில் அதிகம் புழங்குவது இதுதான்.

அரிப்பு? மேலே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் இருப்பதால் கடல்நீர் ஒன்னும் பண்ணாது. ஆனால் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் படலம் கரைந்துவிடும். சுமார் 0.2% பல்லேடியம் சேர்த்தால், நீர்த்த அமிலத்தில் படலம் நிலைத்து நிற்கும். விலைதான் எகிறும்.

க்ரோல் 1973-ல் பிரஸ்ஸல்ஸில் காலமானார். கேரளாவின் சவறாவில் இஸ்ரோ நிதியுதவியுடன் அமைந்த டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை, ஆண்டுக்கு 500 டன் திறனுடன், அவர் வகுத்த முறையில்தான் இயங்குகிறது.