இல்லறத்தில் நின்ற நோன்பு: அன்னை கஸ்தூர்பா

பனியன் ஆலைகள் பெருகுவதற்கு முன்பு திருப்பூர் கதருக்குப் பெயர் பெற்ற ஊராக விளங்கியது. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்தே இயங்கியது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பெண்கள் இராட்டையில் நூற்ற நூல் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அந்த இராட்டையை முதுமையிலும் கைவிடாத இல்லத்தரசி ஒருவரின் வாழ்வு, சிராவக நெறியில் நிற்கும் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது. அவரே அன்னை கஸ்தூர்பா.

குஜராத்தின் கடற்கரைச் சிற்றூரான போர்பந்தரில் 1869 ஆம் ஆண்டு வைணவ வணிகக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1883 இல், 14 அகவையில், மோகன்தாஸ் காந்தியின் கைப்பிடித்தார். பள்ளி சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ் என நான்கு மைந்தரைப் பெற்று வளர்த்தார்.

கணவர் சொன்னதையெல்லாம் வாய்பேசாது ஏற்றவர் என்று அவரைக் கருதுவது பிழை. 1901 இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது மக்கள் அளித்த பொன்னணிகளைப் பொதுப்பணிக்குக் கொடுத்துவிடக் காந்தியடிகள் முடிவு செய்தார். வரப்போகும் மருமகள்களுக்கு அவை வேண்டும் என்று அன்னை கண்ணீரோடு வாதிட்டார். பின்னரே இசைந்தார். மிகுபொருள் விரும்பாமை எனும் விரதம் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை; வருந்தியே அதனைக் கற்றார்.

கொல்லாமையில் அவருக்கு அத்தகைய தயக்கம் இருந்ததில்லை. டர்பனில் அறுவை மருத்துவத்திற்குப் பின் உயிருக்குப் போராடிக் கிடந்தபோது, மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தினார். முடிவைக் காந்தியடிகள் மனைவியிடமே விட்டார். உயிர் போனாலும் வேண்டாம் என்றார் அன்னை. எலும்பும் தோலுமாயிருந்த அவரைத் தூறும் மழையில் பீனிக்ஸ் குடியிருப்புக்கு எடுத்துச் சென்றனர். அங்கு அவர் மெல்ல உடல் தேறினார்.

1913 இல், கிறித்தவ முறையில் நடவாத மணங்கள் செல்லா என்ற தீர்ப்பை எதிர்த்துச் சிறை புகுந்தார். மூன்று மாதக் கடுங்காவல். தமிழ்ப் பெண்களும் அப்போராட்டத்தில் சிறைப்பட்டனர். அவர்களுள் இளம்பெண் வள்ளியம்மை, சிறையில் பெற்ற நோயால் 1914 பிப்ரவரி 22 இல் உயிர்நீத்தார்.

தமிழோடு அன்னைக்கு உறவு மேலும் வளர்ந்தது. திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர்ப்பணி புரிந்த இராஜாஜியின் மகள் லட்சுமி, 1933 இல் தேவதாஸின் துணைவியாகி, அன்னையின் இளைய மருமகளானார்.

இவ்வாழ்வில் ஆறாத துயரமும் இருந்தது. தந்தையோடு பிணங்கிய மூத்த மகன் ஹரிலால் குடிப்பழக்கத்தில் வீழ்ந்தார். 1918 இல் ஹரிலாலின் மனைவி மறைந்தபின், தாயற்ற பெயரக் குழந்தைகளை அன்னை தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். மகனின் போக்கைக் கண்டித்தார். மகனை மட்டும் மனத்தினின்று விலக்கவில்லை. இறுதி நாள்களில் ஹரிலால் மது மயக்கத்தோடு வந்து நின்றதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஊர் முழுதும் அன்னையென்று அழைத்தவருக்கும் பெற்ற மகனைத் திருத்த இயலவில்லை.

1942 ஆகஸ்டில் கைதாகிப் புனே ஆகாகான் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். எழுபது கடந்த அகவையிலும் அங்குக் கணவரிடம் பாடம் கற்றார். 1944 பிப்ரவரி 22 அன்று அவர் மடியிலேயே உயிர் பிரிந்தது. வள்ளியம்மை மறைந்து அன்றோடு 30 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலையைத் தம் இறுதிப் பயணத்திற்கென அன்னை முன்னரே வேண்டியிருந்தார். அதனை உடுத்தியே எரியூட்டினர். பொன்னுக்காக அன்று கண்ணீர் விட்டவர் இறுதியில் விரும்பிக் கேட்டது அந்தக் கதர்ச் சேலை ஒன்றையே. துறவு பூணாமல், அடுக்களையிலும் பிள்ளைகளிடையிலும் இருந்தபடியே விரதம் காக்க இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. நூலையே தொழிலாகக் கொண்ட இம்மண்ணில், நம் இல்லங்களில் அத்தகைய விரதத்தை ஓசையின்றிக் காத்துவரும் தாய்மார்களை இத்திருநாளில் வணங்குவோம்.