குரலை இழந்தவர், குரல்வளையைக் கண்டவர்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். தண்ணீர்மலை வரை காவடிக்கு முன்னால் நடந்து, உறுமி மேளத்துக்கு மேலே தம் குரல் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் பாடியிருப்பார்கள். வீட்டில் பாட்டி பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுப்பார். பலருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. அடுத்த மாதம் பாட்டுப் போட்டி வருகிறதே என்று அந்தக் கம்மிய குரலோடே மறுபடி பாடத் தொடங்குவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இருபது வயதில் இப்படிப் பாடிப் பாடியே குரலைக் கெடுத்துக்கொண்ட ஓர் இளைஞரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் மனுவேல் கார்சியா. உயிருள்ள மனிதனின் குரல் நாண்கள் பாடும்போது எப்படி அசைகின்றன என்பதைத் தெளிவாகப் பார்த்து எழுதி வைத்தவர் அவர். அவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார்.

கார்சியா 1805ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஸ்பெயினில் பிறந்தார். குடும்பமே பாட்டுக் குடும்பம். தந்தையின் பெயரும் மனுவேல் கார்சியாதான். ஐரோப்பா முழுதும் பெயர் பெற்ற ஓபரா பாடகர் அவர். இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி, ‘செவில் நகரத்து நாவிதன்’ என்ற ஓபராவில் அல்மாவிவா பிரபு என்னும் பாத்திரத்தை அவர் குரலுக்காகவே எழுதினார். தாயும் பாடகி. தங்கைகள் இருவர், மரியா, பவுலின். பின்னாளில் இருவருமே அண்ணனைவிடப் பெரிய புகழ் பெற்றார்கள்.

தந்தைதான் குரு. கண்டிப்பானவர், பிள்ளைகளிடம் கடுமை காட்டியவர் என்றுதான் வரலாறு சொல்கிறது. 1825இல் அவர் குடும்பத்தையே ஒரு நாடகக் குழுவாக்கிக் கப்பலேறி நியூயார்க் போனார். அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அந்நகரத்தின் பார்க் அரங்கில் அதே ‘நாவிதன்’ ஓபரா மேடையேறியது. அமெரிக்க மண்ணில் இத்தாலிய ஓபரா இத்தாலிய மொழியிலேயே முழுமையாக நடந்தது அதுவே முதல் முறை. தந்தை அல்மாவிவா, 17 வயது மரியா கதாநாயகி, தாய்க்கும் ஒரு வேடம். நாவிதன் ஃபிகாரோவாகப் பாடியவர் நம் கார்சியா. வயது 20.

ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைந்த பிறகு அது முற்றிப் பக்குவப்படச் சில ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலத்தில் கார்சியாவுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. காலையில் ஒத்திகை, மாலையில் மேடை, பாட ஆளில்லாத நாளில் இன்னொருவர் வேடமும் சேர்த்து. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் தொண்டைதான் உழைக்க வேண்டும். குழு அங்கிருந்து மெக்சிகோ போனது. சம்பாதித்த பொன்னையெல்லாம் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் பறித்துக்கொண்டார்கள். கார்சியா ஐரோப்பா வந்து சேர்ந்தபோது குரலும் போயிருந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மேடையேறிப் பார்த்தார். எடுபடவில்லை. இருபத்தைந்து வயது ஆவதற்குள் பாடகர் வாழ்க்கைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

பாட்டைத் தவிர வேறு எதுவும் கற்காத ஒருவர் அந்த வயதில் என்ன செய்வார்? 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவுக்குப் போனபோது அதில் சேர்ந்து போனார். திரும்பி வந்து பாரிஸில் இராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். அங்கேதான் மனித உடற்கூறு அவருக்குப் பழக்கமாயிற்று. குறிப்பாகக் குரல்வளை. கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் தொண்டைக் குழல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, துருத்தியால் காற்றை ஊதி, என்ன ஓசை வருகிறது என்று பார்ப்பாராம். தங்கை பவுலின் முதுமையிலும் அதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் இந்த வாடிக்கையாளரைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ!

அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் தொண்டையில், மூச்சுக்குழாயின் உச்சியில், குரல்வளை இருக்கிறது. அதனுள்ளே இரண்டு சிறு தசை மடிப்புகள். இவையே குரல் நாண்கள். நுரையீரலிலிருந்து காற்று மேலேறும்போது இவை சேர்ந்து பிரிந்து, சேர்ந்து பிரிந்து அதிர்கின்றன. ஆணின் சாதாரணப் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 100 முறைக்கு மேல். பெண்ணின் பேச்சில் 200 முறை அளவில். இசைக் கருவிகளுக்குச் சுருதி சேர்க்கும் 440 என்ற அளவில் ஒரு பெண் பாடினால் அவர் குரல் நாண்கள் ஒரு நொடியில் 440 முறை மோதிக்கொள்கின்றன. அந்த ஒரு சுரத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பாடினால் எத்தனை மோதல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். களைத்த நாண்களை மேலும் மேலும் அடித்தால், கை காய்த்துப் போவதுபோல அவையும் காய்த்துவிடும். காய்ப்பு வந்த நாண்கள் சரியாக மூடாது, காற்று ஒழுகும், குரல் கம்மும்.

நெஞ்சுக் குரல், தலைக் குரல் என்று பாடகர்கள் சொல்வதெல்லாம் நெஞ்சிலும் தலையிலும் பிறப்பதில்லை, எல்லாமே குரல்வளை இயங்கும் முறையின் வேறுபாடுதான் என்பதையும் கார்சியா விளக்கினார். 1840இல் இதை ஆய்வுரையாக எழுதிப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அளித்தார். கழகத்து அறிஞர்கள் பாராட்டினார்கள். ஒரே இயக்கத்தால் பிறக்கும் ஒரே தன்மையுள்ள சுரங்களின் வரிசையே ஒரு குரல் நிலை என்று அவர் வகுத்த வரையறையைக் குரல் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள்.

1841இல் சுவீடனிலிருந்து ஒரு பெண் அவரைத் தேடி வந்தார். பெயர் ஜென்னி லிண்ட், வயது 20. சொந்த நாட்டில் ஏற்கெனவே நட்சத்திரம். ஆனால் ஓயாமல் பாடியதில் குரல் தேய்ந்து, கரகரத்து, உச்சத்தில் உடைந்துகொண்டிருந்தது. கார்சியா அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு உனக்குக் குரலே மிஞ்சவில்லை என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொன்னதாக அறிகிறோம். அந்தப் பெண் கண் கலங்கினார். பாடம் எடுக்க முடியாதா என்று மன்றாடினார். அதற்குக் கார்சியா விதித்த மருந்து ஒன்றே ஒன்று. ஆறு வாரம் ஒரு சுரம்கூடப் பாடக் கூடாது. பேச்சையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். பிறகு வந்து பார்க்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள் மாணவர்களே. வேற்று நாடு, தெரியாத மொழி. ஒரு பாடகிக்கு ஒன்றரை மாதம் வாய்ப்பூட்டு! ஜென்னி லிண்ட் அதைக் கடைப்பிடித்தார். திரும்பி வந்தபோது குரலில் தெளிவு தெரிந்தது. அதன் பிறகுதான் கார்சியா பாடம் தொடங்கினார். வாரம் இரண்டு வகுப்பு. மூச்சை எப்படி எடுப்பது, எப்படிச் செலவிடுவது, மெல்ல மெல்லச் சுர வரிசை பாடுவது. நம் ஊர் சரளி வரிசையும் அகார சாதகமும் செய்யும் வேலைதான். ஓராண்டுக்குள் அவர் ஊர் திரும்பி மறுபடி மேடையேறினார். 1850இல் அமெரிக்காவில் அவர் பாட வந்தபோது ஊரே துறைமுகத்தில் திரண்டது. ‘சுவீடனின் குயில்’ என்று உலகம் அழைத்தது அவரைத்தான். தன் குரலைக் காப்பாற்ற ஒருவரும் இல்லாமல் போன இளைஞர், இன்னொருவர் குரலைக் காப்பாற்றினார். கார்சியாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கண்ணாடிக் கதையைவிட.

ஆனாலும் கண்ணாடிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

இறந்த விலங்கின் குரல்வளையைப் பார்த்தாயிற்று. உயிரோடிருப்பவர் பாடும்போது அது எப்படி இயங்குகிறது? அந்தக் கேள்வி அவரை ஆண்டுக்கணக்கில் அரித்தது. 1829இலேயே லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் என்ற மருத்துவர் கண்ணாடி வைத்துத் தொண்டையைப் பார்க்க முயன்றிருந்தார், அது பரவவில்லை. 1848இல் பாரிஸில் புரட்சி வெடித்தபோது லண்டனில் குடியேறியிருந்தார் கார்சியா. 1854 செப்டம்பரில் விடுமுறைக்குப் பாரிஸ் வந்து, ஒரு நாள் பாலே ரோயால் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது சன்னல் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறித்தது. உடனே பொறி தட்டியது. ஒரு கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே அனுப்பட்டும், இன்னொன்று உள்ளிருப்பதைக் காட்டட்டும்!

நேரே ஷாரியே என்ற மருத்துவக் கருவிக் கடைக்குப் போனார். நீண்ட பிடியுள்ள சிறிய பல் மருத்துவக் கண்ணாடி ஒன்று அங்கே கிடந்தது. 1851இல் லண்டன் கண்காட்சிக்குப் போய் யாரும் சீந்தாமல் திரும்பி வந்த சரக்கு. 6 பிராங்க் கொடுத்து அதை வாங்கினார். வீட்டுக்கு வந்து, மூச்சின் ஆவி படியாமலிருக்க அதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, உள்நாக்கை ஒட்டி வைத்தார். இன்னொரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதனால் வெயிலை வாய்க்குள் திருப்பினார். குரல் நாண்கள் விரிந்து திறந்திருப்பது தெரிந்தது; மூச்சுக்குழாயின் ஒரு பகுதியும் தெரிந்தது. வேறு யாருடையதும் அல்ல, முப்பது ஆண்டுக்கு முன் கெட்டுப்போன அவருடைய சொந்தக் குரல்வளை.

1855இல் இந்தக் கண்டறிதல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. மருத்துவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வியன்னாவில் டுர்க், பிறகு செர்மாக் என்ற இரு மருத்துவர்கள் அந்தக் கண்ணாடியை நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கினார்கள். செர்மாக் வெயிலுக்குப் பதில் விளக்கைப் பயன்படுத்தினார். யார் முந்தியவர் என்று இருவருக்கும் பெரிய சண்டை. கார்சியா அதில் தலையிடவே இல்லை. அவர் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொண்டை மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது அந்தக் கண்ணாடியிலிருந்துதான். 1862இல் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது.

எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்றும் சொல்ல முடியாது. சுரத்தைத் தொடங்கும்போது நாண்கள் சுத்தமாகச் சேர்ந்து திறக்க வேண்டும் என்று அவர் எழுதியதைப் பல ஆசிரியர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். தொண்டையை இறுக்கி அடித்துப் பாடச் சொல்லி, மாணவர்களின் குரலைக் கெடுத்தார்கள். பழி கார்சியா மேல் விழுந்தது. முதுமையில் அவர் அதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அரைகுறையாகக் கேட்ட அறிவியலால் வந்த வினை. இன்றும் கைப்பேசிக் காணொளி பார்த்துப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இது நேர்கிறது. கார்சியாவே தன் வகுப்பில் உடற்கூறு பேசி மாணவரைக் குழப்பியதில்லை. ஆசிரியருக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும், மாணவருக்குக் காது தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவே அவர் கொள்கை.

அவர் ஒருவரே செய்த வேலையை இன்று பலர் பிரித்துச் செய்கிறார்கள். குரல் நாண்களைப் பார்த்து நோயறிபவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். அதற்கு மருத்துவப் படிப்பும் பிறகு சிறப்புப் பயிற்சியும் வேண்டும். மருந்தும் கத்தியும் இல்லாமல், மூச்சாலும் பயிற்சியாலும் குரலை மீட்டுத் தருபவர் பேச்சு மொழி சிகிச்சையாளர். மலேசியாவில் இந்தப் பட்டப்படிப்பு யுகேஎம் பல்கலைக்கழகத்திலும், கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள யுஎஸ்எம் சுகாதார வளாகத்திலும் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசனில் அறிவியல் எடுத்தவர்கள் இதைக் கவனிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பதிவு பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். தமிழ் பேசும் சிகிச்சையாளர் இருந்தால் தமிழ்க் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் எவ்வளவு உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இசை ஆசிரியராக விரும்புவோர் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி படிக்கலாம். குரலின் இயற்பியலை ஆராய விரும்பினால் இயற்பியலும் கணினியும் கைகொடுக்கும். மேடையில் பாடுவோர் மட்டும் இவர்களை நாடி வருவதில்லை. ஆசிரியர்கள், பாசாரில் கூவி விற்பவர்கள், கோயில் ஓதுவார்கள் எல்லாருமே குரலை வைத்துப் பிழைப்பவர்கள்தாம்.

நம் இசை உலகிலும் குரல் போய்த் திரும்பிய கதை உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் 1950களில் குரலை இழந்து, சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் பாடினார்; 1974இல் மறையும் வரை பாடினார். கார்சியாவின் குரல் திரும்பவே இல்லை.

அவர் லண்டன் ராயல் இசைக் கழகத்தில் 1895 வரை, தம் 90 வயது வரை, கற்பித்தார். 89ஆவது வயதில் பாடும் கலை பற்றிக் கேள்வி பதில் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். 1905 மார்ச் 17ஆம் நாள் நூறாவது பிறந்தநாள். காலையில் அரசர் எட்வர்ட் அரண்மனைக்கு அழைத்து விருது கொடுத்தார். ஸ்பெயின் அரசரும் ஜெர்மன் பேரரசரும் சிறப்புச் செய்தார்கள். பல நாட்டுத் தொண்டை மருத்துவர்கள் லண்டனில் கூடி, ஓவியர் சார்ஜென்ட் வரைந்த அவர் படத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். 1906 ஜூலை முதல் நாள், 101 வயதில், அவர் காலமானார்.

இன்று மருத்துவமனைகளில் மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கேமரா விட்டுக் குரல் நாண்களைத் திரையில் காட்டுகிறார்கள். ஆனாலும் தொண்டை மருத்துவரின் கருவித் தட்டில் நீண்ட பிடியுள்ள அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியை இன்னும் காணலாம். வாயில் வைப்பதற்கு முன் அதைச் சற்றுச் சூடாக்கிக்கொள்வார்கள், ஆவி படியாமலிருக்க.