பத்து வெள்ளியில் தோட்டம் வாங்க வைத்தவர்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடக்காத இளைஞர் நம்மில் யாராவது உண்டா? அங்குள்ள மோனோரயில் நிலையத்துக்கும் அதே பேர்தான். ஆனால் அவர் யார்னு கேட்டால், பழைய மந்திரி என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறோம். கொஞ்சம் தெரிந்துகொள்வோமே!

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த தந்தை வீராசாமி, உழைத்து உயர்ந்து ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். அதனால் மகனுக்கு வசதிக்குக் குறைவில்லை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டு, பட்டப்படிப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். ஊர் திரும்பியவர், சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்ப முன்னின்றார்.

1955-இல் ம.இ.கா. தலைவரானார். 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1957 சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி, தேசிய ஒற்றுமை என்று பல அமைச்சுகளைக் கவனித்தார்.

பதவிகள் இருக்கட்டும். அவரை இன்றும் நினைக்க வைப்பது வேறொன்று.

சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பால்மரம் சீவியவருக்கு வேலையும் போச்சு, குடியிருந்த லயத்து வீடும் போச்சு. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கோயிலும் தோட்டத்தோடு சேர்ந்தவைதானே? மொத்த வாழ்க்கையும் ஆட்டம் கண்டது.

சம்பந்தன் யோசித்தார். விற்கிற தோட்டத்தை வேலை செய்கிறவர்களே வாங்கினால் என்ன? 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, 100 வெள்ளிப் பங்கு சேர்க்கலாம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. மந்திரியாக இருந்தும் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களோடு உட்கார்ந்து எடுத்துச் சொன்னார். நம்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது.

எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. துண்டாடலில் வீடிழந்து பட்டணத்துப் புறம்போக்கில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் பலர் வேலை செய்த மண்ணுக்கே பங்குதாரர் ஆனார்கள். சம்பந்தன் 1979 மே 18-ஆம் நாள், அறுபது வயது நிரம்பும் முன்பே, கோலாலம்பூரில் மறைந்தார். அப்போது சங்கத்தின் கையில் 18 தோட்டங்கள் இருந்தன. தலைநகரில் நிமிர்ந்து நிற்கும் விஸ்மா துன் சம்பந்தனும் அந்தச் சங்கத்தின் கட்டடம்தான்.

தம்பி தங்கைகளே, நமக்கு யாரும் எதுவும் செய்வதில்லை என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். கேட்க வேண்டிய உரிமையைக் கேட்கத்தான் வேண்டும். அதோடு, பத்துப் பேர் சேர்ந்தால் நாமே எதைச் செய்யலாம் என்றும் யோசிப்போம். நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய கையாலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.