கேட்டு வாங்கிக் கொடுத்த கை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, விடுதி நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தப்பித்துக் கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற சந்திப்பில் நடந்த ஒரு பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. நம் சங்கத்தின் சார்பில் அறக்கட்டளை வைத்து ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாம் என்று தீர்மானம் வந்தது. எந்தத் துறைக்கு என்ற பேச்சு வந்ததும் ஒரு நண்பர் எழுந்து, கம்ப்யூட்டர், பயோடெக் என்றால் சரி, தமிழுக்கும் சரித்திரத்துக்கும் பணம் கொடுத்து என்னங்க ஆகப் போகுது என்று கேட்டார். நல்ல மனிதர். சங்கத்துக்கு அள்ளிக் கொடுப்பவர். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோதுதான் பதில் வந்தது. பதில் ஒரு மனிதர். அவர் நிறுவிய மண்ணில் உட்கார்ந்து கொண்டுதான் நாம் அந்தக் கேள்வியைக் கேட்டோம்.

ஐயா தி. சு. அவினாசிலிங்கம் அவர்களைத்தான் சொல்கிறேன். நமக்கெல்லாம் அவர் வித்யாலயத்தின் நிறுவனர். கதர் உடுத்த பெரியவர். நான் படித்த காலத்தில் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், பக்கத்தில் போய்ப் பேசும் தைரியம் வந்ததில்லை. அவர் செய்த இன்னொரு வேலை நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தெரிந்ததை முதலில் சொல்லி விடுகிறேன். 1903-ல் திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீல் ஆனார். வக்கீல் தொழிலில் இருந்து சம்பாதித்திருக்கலாம். காந்தி வழிக்குப் போய்ப் பலமுறை சிறைக்குப் போனார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. சொத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். 1930-ல் கோவையில் ஒரு கைப்பிடி மாணவர்களோடு ஆரம்பித்த வித்யாலயம், 1934-ல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டிய பிறகு நம்ம பெரியநாயக்கன்பாளையத்தில் வேர் பிடித்தது. 1957-ல் கோவையில் பெண்களுக்காக மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். 1970-ல் பத்ம பூஷண். 1991-ல் மறைந்தார். இது வரைக்கும் நிறுவனர் நாள் பேச்சில் எல்லோரும் கேட்டதுதான்.

கேட்காததைச் சொல்கிறேன். 1946-ல் பிரகாசம் மந்திரிசபையில் அவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். அடுத்து வந்த ஓமந்தூரார் மந்திரிசபையிலும் 1949 வரை அதே பொறுப்பில் இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் வழியாகப் பாடம் நடக்க வேண்டும் என்று முனைந்தவர் அவர். அப்போது எழுந்த எதிர்ப்பை இன்று நினைத்தால் நியாயமாகத்தான் படுகிறது. தமிழில் சொல் எங்கே, புத்தகம் எங்கே, வாத்தியார் எதைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பார் என்று கேட்டார்கள். உத்தரவு போட்டுவிட்டால் மொழி வளர்ந்து விடாது. அதற்கு ஆள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் யாராவது கொடுக்க வேண்டும்.

இதைப் புரிந்து கொண்டதுதான் ஐயாவின் பெருமை என்று நான் நினைக்கிறேன். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கித் தாமே தலைவராக இருந்தார். அந்தக் காலத்தை மனதில் வைத்துப் பாருங்கள். டில்லியில் சாகித்ய அகாதமி வந்தது 1954-ல். சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கான மத்திய கவுன்சில் 1969-ல். வரலாற்று ஆராய்ச்சிக்கான கவுன்சில் 1972-ல். அமெரிக்காவில் இலக்கியம், வரலாறு போன்ற துறைகளுக்குப் பணம் தரும் தேசிய நிதியமே 1965-ல்தான் வந்தது. இங்கிலாந்தில் கலை, மானிடவியல் துறைகளின் ஆராய்ச்சிக்கென்று முழு அந்தஸ்துள்ள கவுன்சில் 2005-ல்தான். இவை எதுவும் இல்லாதபோது, பொதுப் பணத்தைத் திரட்டி அறிஞர்களிடம் கொடுத்து வேலை வாங்குகிற ஓர் அமைப்பை ஒரு கொங்கு நாட்டு வக்கீல் சென்னையில் உண்டாக்கினார்.

கழகம் ஆண்டுதோறும் தமிழ் விழா நடத்தியது, நல்ல நூல்களுக்குப் பரிசு கொடுத்தது. ஆனால் அதன் பெரிய காரியம் கலைக்களஞ்சியம். உலக அறிவு முழுவதையும் அகர வரிசையில் தமிழில் தருகிற நூல். வங்காளியிலும் மராத்தியிலும் இப்படிப்பட்ட முயற்சிகள் முன்பே நடந்திருந்தன. தமிழில் இந்த அளவில் அதற்கு முன் இல்லை. 1947-ல், நாடு சுதந்திரம் பெற்ற சூட்டோடு திட்டம் எழுந்தது. பிரதம ஆசிரியராக ஐயா கூப்பிட்ட ஆள் யார் தெரியுமா? நம்ம வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது பி.ஏ. பரீட்சை எழுத மாட்டேன் என்று இருந்து விட்டவர். பின்னாளில் அவர் இயற்றிய கீர்த்தனைகளைப் பாடாத சங்கீத வித்வான் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியரைச் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் உட்கார வைத்து, பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பைக் கொடுப்பது லேசான முடிவா?

இனிமேல்தான் விஷயம். 1949-ல் ஐயாவுக்கு மந்திரி பதவி போய்விட்டது. கலைக்களஞ்சியத்தில் அதுவரை ஒரு தொகுதிகூட வரவில்லை. முதல் தொகுதி வெளிவந்தது 1954-ல். நடுவில் ஐந்து வருஷம். கையில் அதிகாரம் இல்லை, காட்டுவதற்குப் புத்தகம் இல்லை. ஆனால் கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பணம் தர வேண்டும், சொல் ஆக்குகிறவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், படம் போட வேண்டும், அச்சு ஏற வேண்டும். மாநில அரசின் மானியம், மத்திய அரசின் மானியம், வசதி படைத்தவர்களின் நன்கொடை என்று மூன்று வாய்க்காலில் இருந்தும் தண்ணீர் வந்தால்தான் வயல் நனையும். ஒரு வாய்க்கால் அடைத்தாலும் பயிர் வாடும். தலைவர் என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம், வாய்க்காலை வெட்டி விட்டுக்கொண்டே இருக்கிற ஆள் என்பதுதான்.

பிறகு தொகுதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1963-க்குள் ஒன்பது. 1968-ல் இணைப்பாகப் பத்தாவது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ எழுநூற்றைம்பது பக்கம். நூற்றுக்கணக்கான அறிஞர்கள் எழுதினார்கள். பௌதிகம் படித்தவர் பௌதிகத்தைத் தமிழில் எழுதியாக வேண்டிய நிலை வந்தது. அதோடு நிற்கவில்லை. அதே 1968-ல் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியம் தொடங்கி 1976-க்குள் அதுவும் பத்துத் தொகுதி. திட்டம் எழுந்த நாளில் இருந்து கணக்குப் போட்டால் மொத்தம் இருபத்தொன்பது வருஷம். ஒரு மந்திரிசபையின் ஆயுளைவிட, ஒரு தேர்தலைவிட, ஒரு பட்ஜெட்டைவிட எத்தனை மடங்கு நீளம் என்று பாருங்கள்.

அமைச்சராக இருந்தபோதே இந்த வழியில்தான் அவர் யோசித்திருக்கிறார். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் அவர் காலத்தது. நூலகத் துறை மேதை எஸ். ஆர். ரங்கநாதன் பல வருஷம் போராடிய கனவு அது. வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு நூலக வரி. ஏழை பணக்காரன் எல்லோரும் துளித் துளியாகக் கொடுப்பது ஊருக்கு ஒரு நூலகம் ஆகிறது. 1949-ல் பாரதியார் நூல்களின் உரிமையை அரசு வாங்கியதும் அதே ஆட்சியில்தான். தனியார் கையில் இருந்த பாட்டு பொதுச் சொத்தாக வழி பிறந்தது. இந்த இரண்டிலும் கலைக்களஞ்சியத்திலும் ஓடுவது ஒரே எண்ணம். அறிவு பொதுச் சொத்து என்றால் அதற்கான செலவும் பொதுச் செலவு.

குறையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது புகழ்மாலை ஆகிவிடும். கலைக்களஞ்சியத்தை முழுதாகத் திருத்திப் புதுப்பித்து வெளியிட முடியவில்லை. அறிவியல் ஓடுகிற வேகத்தில் அதன் பல கட்டுரைகள் பழசாகி விட்டன. 1981-ல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்த பிறகு அவர்கள் வாழ்வியலுக்கும் அறிவியலுக்கும் தனித்தனிக் களஞ்சியங்கள் கொண்டு வந்தார்கள். ஒரு மனிதரின் பிடிவாதத்தில் ஓடுகிற வாய்க்கால், அவருக்கு வயதானதும் மெலிந்து போகிறது. இதுவும் நாம் கற்க வேண்டிய பாடம்தான். ஆனாலும் அந்தப் பத்துத் தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். கொடுத்த பணம் வீண் போனதா இல்லையா என்று நீங்களே பார்த்துக் கொள்ளலாம்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்பீர்கள். என் கதையையும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் அப்புச்சி தோட்டத்தில் கவலை ஓட்டியவர். மாடு பின்னால் நகர்ந்து சால் கிணற்றுக்குள் இறங்கும்போது ஒரு பாட்டு, தண்ணீரோடு ஏறும்போது ஒரு பாட்டு. சால் எண்ணிக்கையைப் பாட்டிலேயே வைத்திருப்பார். கரண்டு மோட்டார் வந்தது, கவலை நின்றது, பாட்டும் நின்றது. இங்கே படித்து முடித்து எம்.ஏ.வும் தேறிய பிறகு, கோவை வட்டாரத்துக் கவலைப் பாட்டுகளைத் தொகுத்து ஆராய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு டேப் ரிக்கார்டர், ஊர் ஊராகப் போக பஸ் சார்ஜ், இரண்டு வருஷம் சாப்பாடு. இவ்வளவுதான் தேவை. உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். நாட்டுப்பாட்டுக்கு நிதி இல்லை என்று ஓரிடத்தில் திருப்பி விட்டார்கள். இன்னோர் இடத்தில் பதிலே இல்லை. வீட்டில் தங்கச்சி கல்யாணம். பேங்க் பரீட்சை எழுதி வேலைக்குப் போய்விட்டேன். அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. நல்ல வேலை, நல்லபடியாக ஓய்வும் பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆசை எழுந்து ஊர் ஊராகப் போனேன். இப்போது பணம் இருந்தது, நேரம் இருந்தது. பாடத்தான் ஆள் இல்லை. என் அம்மாவிடம் கேட்டேன். அப்பனோட பாட்டு காதுக்குள்ள ஓடுது கண்ணு, வாய்க்குத்தான் வரமாட்டீங்குது என்றார்கள். அடுத்த வருஷம் அவர்களும் போய்விட்டார்கள். தூரன் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து, காற்றில் வந்த கவிதை என்று புத்தகம் போட்டிருக்கிறார். அதை வாங்கி வைத்துப் புரட்டும்போதெல்லாம், இதில் எங்கள் அப்புச்சி பாட்டு இல்லையே என்று ஒரு வலி. அதைத் தொகுக்க வேண்டிய ஆள் நான். அன்றைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, இன்று நம் சந்திப்பின் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு.

அதனால் அந்த நண்பருக்கு என் பதில் இது. தமிழுக்கும் சரித்திரத்துக்கும் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது உடனே தெரியாது. கலைக்களஞ்சியத்துக்கு முதல் ஐந்து வருஷம் ஒன்றுமே தெரியவில்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கம்ப்யூட்டருக்குக் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள், வரட்டும். யாரும் வராத இடத்தில் நிற்பதற்குத்தானே வித்யாலயத்துப் பிள்ளைகள் என்று நம்மைச் சொல்லிக் கொள்கிறோம்?

இந்த ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் மறுபடியும் வரும். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாணவர், கலைத் துறை மாணவர், தொடர்ந்து உதவி என்று நான் முன்மொழியப் போகிறேன். என் ஓய்வூதியத்தில் இருந்து முதல் தவணையைக் கட்டியும் விட்டேன். பெயர் எதுவும் போட வேண்டாம்.

இப்போது படித்துக் கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பாட்டனோ பாட்டியோ இருந்தால், இந்த லீவில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் கையில் இருக்கும் போனே டேப் ரிக்கார்டர். உதவித்தொகை வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாங்கள் கொஞ்சம் தாமதமாக வந்தாலும், வந்து சேர்ந்து விடுவோம்.